பொறி ஓடிற்று, கணக்கு எங்கே?

பள்ளி மாணவர் எவரையும் நிறுத்தி, ஆற்றலைப் பற்றிய தலையாய நெறி யாது என வினவினால் விடை நொடியில் வரும். ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது, ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றவே இயலும் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதே மாணவரிடம், அடுப்பில் எரிந்த விறகின் ஆற்றல் சோறு வெந்தபின் எங்கே போயிற்று என்று கேட்டால் விழிப்பார். தீர்ந்து போயிற்று என்பார். ஆற்றல் அழியாது என்று சற்றுமுன் சொன்ன வாயே, அஃது அழிந்ததெனவும் சொல்லும். இரண்டு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பன என்பதும் அவர்க்குத் தோன்றுவதில்லை. முன்னது தேர்வுக்கு உரியது. பின்னது வாழ்வுக்கு உரியது. இவ்விரண்டிற்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டதே இற்றை இயற்பியற் கல்வியின் பெருங்குறை.

இதனைச் சிறுபிள்ளைகளின் தடுமாற்றம் என ஒதுக்கிவிடுதல் ஆகாது. ஆற்றலைப் பற்றிய தெளிவின்மை வீட்டின் செலவைத் தாக்கும். நாட்டின் பொருளியலைத் தாக்கும். ஏமாற்றுவார்க்குக் கதவு திறந்து வைக்கும். விறகு, நிலக்கரி, கன்னெய், மின் என்பன எல்லாம் ஆற்றல் சந்தைக்கு வரும்போது பூணும் பெயர்களே. இவற்றை விற்போரும் வாங்குவோரும் எரிப்போரும் கணக்கறியாதவராயின், எரிபொருளோடு உழைப்பும் புகையாய்ப் போகும். அக் கணக்கைக் கற்பிக்கத் தக்க இடம் பள்ளியின் இயற்பியல் வகுப்பு. அதற்கேற்ற கருவியும் உண்டு. மேசைமேல் வைத்து ஓட்டத்தக்க நீராவிப் பொறியின் சிற்றுருவே அது.

அதன் உறுப்புகள் சிலவே. பித்தளையாலாகிய கொதிகலன் ஒன்று. அதன் அடியில் எரிசாராய விளக்கு. ஆவியைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய். ஆவி நுழையும் உருளை. உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் உந்துதண்டு. அந் நேரோட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு. சுழற்சியை ஒரு சீராக வைத்திருக்கும் கனத்த உருளி. உருளியோடு வாரால் இணைத்த சிறு மின்னாக்கி. மின்னாக்கியோடு கம்பியால் இணைத்த சிறு மின்விளக்கு. இப் பெயர்கள் தத்தம் தொழிலைத் தாமே சொல்வன. உந்துவது உந்துதண்டு, மின் ஆக்குவது மின்னாக்கி. உறுப்பைக் கண்ணால் கண்டு பெயரைக் காதால் கேட்ட அளவிலேயே, பொருளும் சொல்லும் ஒன்றாக மாணவர் உள்ளத்துள் இறங்கிவிடும். வேறோர் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை.

விளக்கை ஏற்றியவுடன் பொறி ஓடிவிடுவதில்லை. ஐந்து மணித்துளி அளவும் யாதும் நிகழாதது போன்றே இருக்கும். அறியா ஆசிரியர் அவ் வேளையில் கரும்பலகைக்குத் திரும்புவார். அறிந்த ஆசிரியர் அவ் வமைதியையே பாடமாக்குவார். தீ எரிகின்றது, ஆனால் ஒன்றும் அசையவில்லை, எனின் தீயின் ஆற்றல் எங்கே சென்றுகொண்டிருக்கின்றது என வினவுவார். நீர் சூடாகின்றது என ஒருவர் சொல்வார்; கலமும் சூடாகின்றது என மற்றொருவர் சொல்வார்; விளக்கின் பக்கத்தே கை வைத்தாலும் சுடுகின்றதே என மூன்றாமவர் சொல்வார். இம் மூன்று விடைகளிலும் பாடத்தின் பாதி அடங்கிவிடுகின்றது.

பின்னர்க் கலத்தினுள் முனகல் கேட்கும். அடைப்பைத் திறந்ததும் ஆவி உருளைக்குட் பாயும். உருளியை விரலால் ஒருமுறை தள்ளிவிட்டால் பொறி தானே ஓடத் தொடங்கும். அத் தள்ளுதல் எதற்கு என்பதும் நல்ல வினாவே. உந்துதண்டு தன் ஓட்டத்தின் எல்லையில் நிற்கும்போது ஆவி எவ்வளவு தள்ளினும் வளைதண்டு சுழலாது. அவ் விடத்தைக் கடத்திவிடுவது உருளியின் கனமே. ஓட்டத்திற்கு முன் அவ் வுதவியை விரல் செய்தது; ஓடத் தொடங்கியபின் உருளியில் தேங்கிய இயக்க ஆற்றல் செய்கின்றது.

இனி, பலரும் காணாது விடும் ஒரு காட்சி உண்டு. மின்விளக்கை இணைக்காதபோது உருளி விரைந்து சுழலும். இணைத்தவுடன் விளக்கு ஒளிரும். அதே நொடியில் உருளியின் விரைவு குறையும். மீண்டும் கம்பியை எடுத்தால் உருளி மீண்டும் விரையும். ஒளி விலையின்றி வரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை. ஐயுறும் மாணவர் மின்னாக்கியைத் தம் கையாலேயே சுழற்றிப் பார்க்கட்டும். விளக்கு இணையாதபோது எளிதாய்ச் சுழல்வது, இணைத்தபின் கையை எதிர்த்து இழுக்கும். அவ் வெதிர்ப்பை உணர்ந்த கை, ஆற்றல் அழியாமை நெறியை ஒருநாளும் மறவாது.

இத் தொடரைப் பின்னோக்கியும் நடத்திச் செல்லலாம். விளக்கின் ஒளி மின்னினின்று வந்தது. மின் சுழற்சியினின்று வந்தது. சுழற்சி ஆவியின் அழுத்தத்தினின்று வந்தது. ஆவி தீயினின்று வந்தது. தீ எரிசாராயத்துள் அடங்கியிருந்த வேதியாற்றலினின்று வந்தது. இந்நாட்டில் எரிசாராயம் பெரும்பாலும் கரும்பாலையின் கழிவுப்பாகினின்று வடிக்கப்படுவது. கரும்பு அவ் வாற்றலைப் பெற்றது கதிரவனிடமிருந்து. ஆகவே, மேசைமேல் ஒளிரும் சிறு விளக்கு, என்றோ ஒரு கரும்பு வயலில் விழுந்த வெயிலே ஆகும்.

இவ்வளவும் கண்ட மாணவர் கைகொட்டுவர். பெரும்பாலான வகுப்புகளில் பாடமும் அக் கைகொட்டலோடு முடிந்துவிடுகின்றது. வெப்பாற்றல் இயக்க ஆற்றலாகவும் இயக்க ஆற்றல் மின்னாற்றலாகவும் மாறிற்று என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதப்படும். மாணவர் அதனைப் படியெடுப்பர். பொறி அடுத்த ஆண்டு வரை நிலைப்பேழைக்குள் உறங்கச் செல்லும். இங்கேதான் குறை உள்ளது. அவ் வரியைக் கேட்ட மாணவர், தீயின் ஆற்றல் முழுதும் விளக்கின் ஒளியாய் மாறிற்று என்றே கருதிக்கொள்வர். காட்சி அவர்க்கு உண்மையைக் காட்டிற்று; ஆனால் உண்மையின் அளவைக் காட்டவில்லை. அளவில்லாத அறிவியல், கதையினும் சிறிதே மேலானது.

ஆகலின் பொறி நின்றபின்னரே உண்மையான பாடம் தொடங்குதல் வேண்டும். அதற்கு வேண்டுவன பள்ளியில் உள்ள கருவிகளே: ஒரு தராசு, ஒரு வெப்பமானி, நீர் அளக்கும் குவளை, மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் இரண்டு கருவிகள், ஒரு கடிகை. விளக்கை ஏற்றுமுன்னும் அணைத்துக் குளிர்ந்தபின்னும் நிறுத்தால் எரிந்த சாராயத்தின் எடை தெரியும். கொதிகலத்தில் ஊற்றிய நீரையும் எஞ்சிய நீரையும் அளந்தால் ஆவியாய்ப் போன நீரின் அளவு தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. எரிந்த சாராயம் 10 கிராம் எனக் கொள்க. ஒரு கிராம் சாராயம் எரிந்தால் ஏறத்தாழ 27,000 சூல் வெப்பம் தரும். ஆதலின் மொத்த வரவு 2,70,000 சூல். கலத்தில் ஊற்றிய நீர் 100 கிராம். அது 30 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடேற 29,400 சூல் சென்றது. அதனுள் 30 கிராம் நீர் ஆவியாயிற்று. கிராமுக்கு 2,260 சூலாக அதற்குச் சென்றது 67,800 சூல். இரண்டையும் கூட்டினால் 97,200 சூல். வரவில் எஞ்சிய 1,72,800 சூல் நீருக்குள் நுழையவே இல்லை. கலத்தின் பித்தளையைச் சூடாக்கியும் அதனைச் சூழ்ந்த காற்றைச் சூடாக்கியும் அது போயிற்று.

இனிச் செலவின் மறுபக்கம். மின்விளக்கு 3 வோல்ட்டு அழுத்தத்தில் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தோடு 10 மணித்துளி ஒளிர்ந்தது எனின், அது பெற்ற மின்னாற்றல் 0.3 வாட்டு வீதம் 600 நொடிக்கு 180 சூல். வரவு 2,70,000, பயன் 180. ஆயிரத்து ஐந்நூறு பங்கில் ஒரு பங்கு! அம் மின்னாற்றலும் முழுதாய் ஒளியாவதில்லை. இழைவிளக்கில் ஒளியாய் வருவது நூற்றுக்கு 5 பங்கினும் மிகாது, எஞ்சியது வெப்பமே. ஆக, இறுதியில் கண்ணுக்கெட்டிய ஒளி 9 சூல் அளவே. முப்பதாயிரம் பங்கில் ஒரு பங்கு ஒளிக்காகவே இவ்வளவு தீயும் எரிந்தது.

இக் கணக்கைத் தம் கையாலேயே போட்ட மாணவர் திகைப்பார். எஞ்சிய ஆற்றல் எங்கே என்ற வினா அப்பொழுது ஆசிரியர் வாயினின்று வாராது. மாணவர் வாயினின்றே வரும். விடையும் அவர்க்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. பித்தளை ஆறுகின்றது, ஆவி அறையில் கலக்கின்றது, உராய்வால் சூடான அச்சு குளிர்கின்றது, விளக்கின் ஒளியும் சுவரில் பட்டுச் சுவரைச் சூடாக்கி மறைகின்றது. ஒரு மணி நேரங் கழித்துப் பார்த்தால், 2,70,000 சூலும் அவ் வறைக்குள்ளேயே காற்றிலும் சுவரிலும் பரவிக் கிடக்கும். ஒரு சூலும் அழியவில்லை. நடுத்தர வகுப்பறை ஒன்றின் காற்றை ஏறத்தாழ ஒரு பாகை சூடாக்கப் போதிய ஆற்றல் அது. ஆயினும் அதனைத் திரட்டி மீண்டும் பொறியை ஓட்ட எவராலும் இயலாது. ஆற்றல் அழிவதில்லை, சிதறுகின்றது. சிதறியதைப் பயன்கொள்ள முடிவதில்லை. தொடக்கத்தில் விறகைப் பற்றிக் கேட்ட வினாவிற்கு விடை இதுவே. நெறியின் முற்பாதியை மட்டும் ஓதி, இப் பிற்பாதியைச் சொல்லாது விடுவதனாலேயே மாணவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகின்றனர்.

வெப்பம் எத்துணைப் பெரிய ஆற்றல் என்பதும் இக் கணக்கினால் விளங்கும். ஒரு குவளை நீரை, அஃதாவது 200 கிராம் நீரை, 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 58,800 சூல் வேண்டும். அதே ஆற்றல் 60 கிலோ எடையுள்ள ஒருவரை 100 மீட்டர் உயரம் தூக்கவல்லது. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சி 216 அடி. அதனினும் மிக உயரம் இது. இங்கிலாந்தின் சேம்சு பிரெசுகாட்டு சூல், வீழும் எடையால் நீருக்குள் துடுப்பைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என 1840-களில் திரும்பத் திரும்ப அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்கீட்டுப் பாகை சூடேற்ற, ஒரு பவுண்டு எடை 772 அடி வீழ வேண்டும் என்று அவர் கண்டார். வேலைக்கும் வெப்பத்திற்கும் உள்ள மாற்று விலை அதனால் வரையறுக்கப்பட்டது. ஆற்றலின் அளவைக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

சிற்றுருப் பொறி சிறுவர் விளையாட்டுப் பொருளன்றோ என இகழ்வார் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் இசுகாட்லாந்தின் கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. அங்கே இயற்பியல் கற்பித்த பேராசிரியர் சான் ஆண்டர்சனிடம், மாணவர்க்குக் காட்டுதற்பொருட்டு நியூகோமன் நீராவிப் பொறியின் சிற்றுரு ஒன்று இருந்தது. தாமசு நியூகோமன் 1712-இல் நிறுவிய பெரும்பொறிகள் சுரங்கங்களிலிருந்து நீரிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பறைச் சிற்றுருவோ சரியாக ஓடவில்லை. அதனைச் செப்பனிடும் பணி, பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த சேம்சு வாட்டு என்னும் இளைஞரிடம் 1763-64 குளிர்காலத்தில் வந்தது.

வாட்டு அதனைச் செப்பனிட்டார். ஆயினும் அது சில முறை ஓடியபின் ஆவி போதாமல் நின்றது. கொதிகலன் போதிய அளவினதாகவே தோன்றிற்று. உருளையோ 2 அங்குல விட்டமும் 6 அங்குல ஓட்டமும் உடையது. பிறர் எனின் பொம்மைப் பொறி இவ்வளவே ஓடும் என்று விட்டிருப்பர். வாட்டு கணக்குக் கேட்டார். உருவம் பத்தில் ஒன்றாய்ச் சுருங்கினால் அதன் மேற்பரப்பு நூற்றில் ஒன்றாகவும், கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் சுருங்கும். ஆதலின் சிறு உருளை தன் கொள்ளளவிற்குப் பத்து மடங்கு மிகுந்த பரப்பின் வழியே வெப்பத்தை இழக்கும். இது முதற் கரணியம். ஒவ்வொரு முறையும் உருளைக்குள்ளேயே குளிர்நீரைத் தெளித்து ஆவியை நீராக்குவதனால், உருளை முழுதும் குளிர்ந்து, அடுத்து வரும் ஆவியின் பெரும்பகுதி அதனைச் சூடாக்கவே செலவாகிவிடுகின்றது. இது இரண்டாவது, இதுவே பெரியது.

அவர் அளந்ததில் மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. ஆவியாய் மாறிய நீர், தன் எடையைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொணர்ந்தது. இதன் பொருளை அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சோசப்பு பிளாக்கு விளக்கினார். கொதிக்கும் நீர் ஆவியாகும்போது வெப்பநிலை உயராமலே பெருவெப்பத்தை உட்கொள்கின்றது. அந்த உள்ளுறை வெப்பமே நீராகும்போது வெளிவருகின்றது என்பதனை அவர் முன்னரே தம் மாணவர்க்குக் கற்பித்து வந்தார். கணக்கு இவ்வாறு தெளிந்தபின் வழியும் தெளிந்தது. 1765-இல், உருளையை எப்பொழுதும் சூடாகவே வைத்து, ஆவியை வேறொரு தனிக்கலத்துக்குக் கொண்டுசென்று குளிர்விக்கலாம் என்னும் எண்ணம் வாட்டுக்குத் தோன்றிற்று. 1769-இல் அதற்கு உரிமம் பெற்றார். பின்னர் அவரும் அவருடைய கூட்டாளி மாத்தியூ போல்ட்டனும் சுரங்க உரிமையாளரிடம் விலையாகக் கேட்டது, பழைய பொறியினும் புதுப்பொறி மிச்சப்படுத்திய நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆற்றல் கணக்கே அவர்தம் வணிகக் கணக்காயிற்று. உலகின் தொழில் வரலாற்றைத் திருப்பிய இத்துணைப் பெரிய மாற்றம், சரியாக ஓடாத ஒரு வகுப்பறைச் சிற்றுருவினின்றே பிறந்தது. அச் சிற்றுரு இன்றும் கிளாசுகோவின் அண்டேரியன் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகின்றது.

அப் பேராசிரியர் ஆண்டர்சன், பட்டம் பெற வந்த மாணவர்க்கு மட்டுமன்றி ஊரில் இருந்த தொழிலாளர்க்கும் செய்முறைக் காட்சிகளோடு பாடம் நடத்தியவர். 1796-இல் அவர் மறைந்தபின், அவர்தம் விருப்பமுறிப்படி அந்நகரில் ஒரு கல்வி நிலையம் எழுந்தது. அங்கே கற்பித்த சார்சு பிர்க்குபெக்கு, தம் வகுப்புக்கு வேண்டிய சிற்றுருக் கருவி ஒன்றைச் செய்யப் பட்டறைக்குச் சென்றபோது, தொழிலாளர் அதனைச் சூழ்ந்துகொண்டு வினாக்கள் கேட்டனர். அவ் வார்வத்தைக் கண்டு அவர் 1800-ஆம் ஆண்டளவில் தொழிலாளர்க்கு விலையில்லா வகுப்பு தொடங்கினார். 1823-இல் இலண்டனிலும் அத்தகைய நிலையம் அமைந்தது. கருவியைக் கண்ட கண்ணில் வினா பிறக்கும் என்பதற்கு இவ் வரலாறு சான்று.

வாட்டு செய்ததன் பொருளை இன்னும் ஆழமாகக் கண்டவர் பிரான்சு நாட்டின் சாதி கார்னோ. எந்தப் பொறியும் சூடான இடத்தினின்று வெப்பத்தைப் பெற்றுக் குளிர்ந்த இடத்தில் ஒரு பகுதியை விட்டே ஆகவேண்டும். அவ் விரண்டு வெப்பநிலைகளுக்கு இடைப்பட்ட வேறுபாடே பொறியின் பயனுறுதிறனுக்கு எல்லை என்னும் கருத்துக்கு 1824-இல் அவர் அடிகோலினார். மேசைப் பொறிக்கும் அவ் வெல்லை உண்டு. ஆவி 120 பாகையில் நுழைந்து 100 பாகையில் வெளியேறுமானால், குறையே இல்லாத பொறியும் நூற்றுக்கு 5 பங்கு வெப்பத்தையே வேலையாக்க இயலும். அதே ஆவியை 30 பாகை வரை குளிர்வித்தால் எல்லை நூற்றுக்கு 23 பங்காக உயரும். ஆவியைக் குளிர்விப்பதில் வாட்டு ஏன் அவ்வளவு கருத்தூன்றினார் என்பதும், மின்நிலையங்களின் பக்கத்தே பெருங்குளிர்கோபுரங்கள் ஏன் நிற்கின்றன என்பதும் இவ் வொரு கணக்கால் விளங்கும்.

நீராவியின் காலம் முடிந்துவிட்டது என்பதும் பிழை. உந்துதண்டுப் பொறி அருகியிருக்கலாம், நீராவி அருகவில்லை. சார்லசு பார்சன்சு 1884-இல் செய்த நீராவிச் சுழலியின் வழிவந்த பொறிகளே இன்று உலகின் மின்னில் பெரும்பங்கை ஆக்குகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து செய்வதும், கல்பாக்கத்தில் அணுவின் வெப்பம் செய்வதும் நீரைக் கொதிக்கவைப்பதே. ஆவி சுழலியைச் சுழற்ற, சுழலி மின்னாக்கியைச் சுழற்றுகின்றது. மேசைப் பொறியின் தொடரே அங்கும் உள்ளது, அளவே வேறு. அனல் மின்நிலையங்களுள் சிறந்தவையும் எரிபொருள் ஆற்றலில் ஒரு பகுதியையே மின்னாக்குகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலமலை ஏறும் தொடர்வண்டிக்கெனச் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட பொறிகளில், ஒரு முறை உருளையை உந்திவிட்டு வந்த ஆவியே மீண்டும் வேறு உருளைகளுக்குட் புகுந்து, பற்சட்டத்தைப் பற்றி ஏறும் பல்லுருளிகளைச் சுழற்றும். ஆவியில் எஞ்சிய ஆற்றலையும் விடாது பயன்கொள்ளும் அவ் வமைப்பின் சிறப்பு, கணக்கறிந்த கண்ணுக்கே புலப்படும்.

கணக்கறியாமையால் விளையும் கேட்டிற்குத் தமிழகமே எடுத்துக்காட்டு. 1996-இல் ஒருவர் பச்சிலையால் நீரைக் கன்னெய்யாக மாற்றிக் காட்டுவதாகச் சொன்னார். செய்தித்தாள்கள் பெருந்தலைப்பிட்டன; படித்தவரும் வியந்தனர்; பொருள் கொடுத்தவரும் உண்டு. 20 ஆண்டுகள் கழித்து, 2016-இல், சென்னை முறைமன்றம் ஏமாற்றுக் குற்றத்திற்காக அவர்க்குச் சிறைத்தண்டம் விதித்தது. முதல் நாளிலேயே ஒரு வினா எழுந்திருக்க வேண்டும். நீர் என்பது நீரகம் உயிர்வளியோடு கூடி எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க, எரிந்தபோது வெளிவந்த ஆற்றல் அனைத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். ஒரு பிடி பச்சிலையில் அவ் வாற்றல் எங்கே இருந்தது? ஆற்றல் அழியாமை நெறியை அன்று வியந்தோருள் பலர் பள்ளியில் ஒப்பித்தவரே. நெறி நாவில் இருந்தது. கணக்கு கையில் இல்லை.

இக் குறையைப் பிற நாட்டார் உணர்ந்து முயன்றமையும் கருதத்தக்கது. பிரித்தானியாவில் நப்பீல்டு அறக்கட்டளை 1962-இல் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்தில், எரிக்கு உரோசர்சு தலைமையில் இயற்பியற் பாடம் புதிதாக அமைக்கப்பட்டபோது, ஆற்றல் மாற்றத்தைக் காட்டும் கருவித் தொகுதி ஒன்று வகுப்புக்குள் வந்தது. சிறு நீராவிப் பொறி, மின்னாக்கி, விளக்கு, கனத்த உருளி, தூக்கும் எடை ஆகியவற்றை மாணவர் ஒன்றோடொன்று மாற்றி மாற்றி இணைத்துப் பார்க்கும் வகையில் அஃது அமைந்திருந்தது. மாணவர் கேட்போராய் அமையாமல் செய்வோராய் அமைய வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

பொறி வாங்கப் பணமில்லை என்பார்க்கும் வழி உண்டு. மிதிவண்டியில் பூட்டிய மின்னாக்கியே போதும். விளக்கு எரியும்போது மிதிப்பது கடினமாவதை ஒவ்வொரு மாணவரும் காலால் உணரலாம். வாய் திறந்த கெண்டியின் மூக்கினின்று பாயும் ஆவியால் மெல்லிய தகட்டு விசிறியைச் சுழற்றிக் காட்டலாம். பாடத்தை முடிக்க நேரமில்லை என்பார்க்கு ஒன்றே விடை. விளங்காத பத்துப் பாடங்களை முடிப்பதினும், விளங்கிய ஒரு பாடம் மாணவரைப் பிற ஒன்பதிற்கும் தாமே அழைத்துச் செல்லும்.

இடர் உண்டு என்பது மெய்யே. அதனை மறைத்தல் கூடாது. அழுத்தம் மிகும்போது ஆவியைத் தானே வெளிவிடும் காப்பு அடைப்பிதழ் இல்லாத கலத்தை ஒருபோதும் சூடாக்கலாகாது. மாணவர் தாமே மூடிய தகரப் பெட்டிகளைக் கொண்டு கொதிகலன் செய்ய முயல்வதை ஆசிரியர் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அடைப்பிதழ் இயங்குகின்றதா எனப் பார்த்த பின்னரே தீ மூட்டல் வேண்டும். நீர் வற்றுமுன் தீயை அணைத்தல் வேண்டும். எரியும் விளக்கிலும் சூடாறாத விளக்கிலும் சாராயம் ஊற்றுதல் கூடவே கூடாது. சாராயத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தீ மூட்டுதல் ஆசிரியர் பணி. அளத்தலும் குறித்தலும் கணக்கிடலும் மாணவர் பணி.

இவ் வகையில் பாடம் அமையுமானால் தேர்வும் மாறியாக வேண்டும். ஆற்றல் அழியாமை நெறியை எழுதுக என்னும் வினா நினைவாற்றலையே அளக்கும். எரிந்த சாராயம் இவ்வளவு, ஆவியான நீர் இவ்வளவு, விளக்கு பெற்ற மின் இவ்வளவு. எஞ்சியது எங்கே சென்றது என்பதைக் கண்டதைக் கண்டபடி தம் சொல்லால் எழுதுக என்னும் வினாவே அறிவை அளக்கும். அதற்கு விடையெழுதும் மாணவர் எவருடைய வரியையும் படியெடுக்க இயலாது. தாம் கண்டதைத் தம் மொழியில் சொல்லியே ஆதல் வேண்டும். சொல்லச் சொல்ல அவர்தம் எண்ணமும் தெளியும்.

ஆதலின், நிலைப்பேழைக்குள் பொறியைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகள் அதனை வெளியே எடுக்கட்டும். இல்லாத பள்ளிகள், ஊரில் உள்ள பட்டறையாளரின் துணையோடு மிதிவண்டி மின்னாக்கியையேனும் மேசைமேல் பூட்டட்டும். ஆசிரியர் விளக்கு எரிந்தவுடன் நின்றுவிடாது, விளக்கு அணைந்தபின் கணக்கைத் தொடங்குவாராக. பெற்றோர், மகனோ மகளோ பெற்ற மதிப்பெண்ணை மட்டும் வினவாது, இன்று என்ன அளந்தாய் என்றும் வினவுவாராக. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, சிதறியது இவ்வளவு எனக் கூறத் தெரிந்த இளைஞரை எந்தப் போலியும் ஏமாற்ற இயலாது. அத்தகையோர் நாளை ஓர் அடுப்பை அமைத்தாலும் ஆலையை நடத்தினாலும், எரியும் ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேட்பர்.